குனியக் கூடாத மூன்று மாதம்

ஜூன் 2

இன்றைக்கும் பருப்பு அடிப்பிடித்தது. தீய்ந்த வாடை முன்அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னை எழுப்பிவிட்டது. வடிவு அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "மூக்கை எங்கயாவது அடகு வச்சிட்டியாட்டி?" என்று கேட்டேன். "ஆமா, உங்க கடையிலதான்" என்றாள். முப்பது வருஷமாக இப்படித்தான், ஒன்று கொடுத்தால் ஒன்று வாங்காமல் போக முடியாது.

ஆனால் சாயங்காலம் நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. கடையை அடைத்துவிட்டு வந்து வாசல் கதவைத் திறக்கிறேன், வீடு முழுக்க கேஸ். அடுப்புத் திருகை மூட மறந்திருக்கிறாள். நடுவீட்டில் உட்கார்ந்து மகள் சங்கரியின் கல்யாணச் சேலைக்கு முந்தானை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு தீக்குச்சி உரசியிருந்தால் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவே இருந்திருக்காது. எனக்குப் பின்னாலேயே வந்து நுழைந்த சங்கரி அழ ஆரம்பித்துவிட்டாள். நாளைக்கே டாக்டரிடம் போகவேண்டும் என்கிறாள். ஜலதோஷத்துக்கு டாக்டரா என்றால் கேட்கிற பிள்ளையா அது.

ஜூன் 5

ஸ்கேன் எடுத்தார்கள். ஜலதோஷம் இல்லை. மூக்குக்கு நேர் மேலே, மூளைக்கு அடியில் ஒரு கட்டி. பெரிய எலுமிச்சம்பழம் அளவு. புற்று இல்லை, மெதுவாக வளர்கிற சாதி, வருஷக்கணக்காக இருந்திருக்கும் என்றார் இங்கே உள்ள டாக்டர். வாசனை தெரியாமல் போனது அதனால்தானாம். விட்டுவைத்தால் பார்வையும் போகும் என்று மதுரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

கடைக்குப் போய் வழக்கம்போல உட்கார்ந்தேன். ஒருவர் முக்கால் இன்ச் பைப்பு கேட்டார், ஒரு இன்ச்சை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 9

மதுரை. டாக்டர் பெயர் ஜெசிந்தா. ஐம்பது வயதிருக்கும், அவசரமில்லாமல் பேசுகிறார். மேஜையில் ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு. மேல்பாகத்தை மூடிபோலக் கழற்றி உள்ளே காட்டினார்.

"கட்டியை எடுக்கிறது ஒரு பாதி வேலைதான் ஐயா. எடுத்தப்புறம் அந்த இடத்தை அடைக்கிறதுதான் மறுபாதி. மூளைக்கும் மூக்குக்கும் நடுவுல இருக்கிற தளம் முட்டை ஓடு மாதிரி. கட்டி அதை அரிச்சிருக்கு. எடுத்தா ஓட்டை விழும். மூளையைச் சுத்தி இருக்கிற தண்ணி மூக்குவழியா ஒழுகும், மூக்குல இருக்கிற கிருமி மேல ஏறும். அது நடக்காம அடைக்கணும்."

இதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. ஒழுகலை அடைக்கிற சாமான் விற்றுத்தானே சாப்பிடுகிறேன்.

அடைக்க இரண்டு வழி சொன்னார். ஒன்று தலைவழி. ஒரு காதிலிருந்து மறு காதுவரை உச்சியில் கீறி, தோலை முன்பக்கம் மடக்கி, எலும்பைத் திறந்து கட்டியை எடுப்பது. தோலுக்கு அடியில் மண்டையோட்டோடு ஒட்டி ஒரு சவ்வு இருக்கிறதாம். அதை ரத்த ஓட்டம் அறாமல் அப்படியே புரட்டி உள்ளே கொண்டுபோய் ஓட்டையின் மேல் விரித்துவிடலாம். சொந்த ரத்தம் ஓடுகிற துணி, சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். முடியைக் கொஞ்சம் மழிக்கவேண்டும். நெற்றி, கண் எல்லாம் சில வாரம் வீங்கி இருக்கும்.

மற்றது மூக்குவழி. வெளியே ஒரு கீறல் தெரியாது. சாதாரணமாக மூக்கின் நடுச்சுவரில் உள்ள தோலைக் கதவுபோலத் திருப்பி ஓட்டையை மூடுவார்களாம், அதற்கும் ரத்தம் உண்டு. ஆனால் வடிவுக்குப் பல வருஷம் முன்பு மூக்கு எலும்பு வளைந்திருக்கிறது என்று ஆபரேஷன் செய்தோம். அந்தத் தோல் தழும்பாகிப் போனது, உதவாது. அதனால் தொடைச் சதையைப் போர்த்தியிருக்கிற உறையில் ஒரு துண்டையும் கொஞ்சம் கொழுப்பையும் வெட்டி எடுத்து வைத்து அடைக்கவேண்டும். அதற்குச் சொந்த ரத்தம் கிடையாது. ஒட்டவேண்டும், பிறகு வேர் பிடிக்கவேண்டும். மூன்று மாதம் குனியக் கூடாது, மூக்குச் சிந்தக் கூடாது, முக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்மவேண்டும்.

"ரெண்டும் செய்யலாம். நான் செய்யறேன். ஆனா என்னைக் கேட்டா தலைவழிதான் சொல்வேன்" என்றார். பிறகு வடிவின் முகத்தைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்கம்மா?" என்று கேட்டார்.

ஆவணியில் கல்யாணம் இருக்கிறது, வெளியே தெரியாத வழியே போதும் என்று நான் சொன்னேன். வடிவும் அதைத்தான் நினைத்திருப்பாள்.

ஜூன் 10

திரும்பி வருகிற பஸ்ஸில், கோவில்பட்டி தாண்டியதும் வடிவு சொன்னாள்: "முடி முளைச்சிரும்ங்க."

தூங்குவதுபோல இருந்துவிட்டேன்.

ஜூன் 13

வீட்டில் சண்டை. கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் சங்கரி. நிச்சயதார்த்தம் முடிந்து, மண்டபம் சொல்லி, பத்திரிகை அச்சுக்குப் போயாகிவிட்டது. தள்ளிவைக்க என்ன காரணம் சொல்வது? பெண்ணின் அம்மாவுக்கு மூளையில் கட்டி என்றா? அடுத்த கேள்வி, இது ரத்தத்தில் வருவதா, பெண்ணுக்கும் வருமா என்பதுதான். தென்காசியில் பொன்னம்பலம் பிள்ளை குடும்பம் என்றால் யாருக்கும் தெரியும். அப்படி ஒரு இடம் சங்கரிக்கு அமைய நான் எத்தனை வாசல் ஏறி இறங்கினேன் என்பது இவர்களுக்குத் தெரியாது.

"சம்பந்தி வீட்டுல சொல்லிருவோம்ங்க. தெய்வானை மதினி நல்ல மாதிரியாத்தான் இருக்காவ" என்றாள் வடிவு. நல்ல மாதிரியாக இருப்பது நிச்சயத்தன்றைக்கு. கட்டி, கிட்டி என்று காதில் விழுந்தால் எந்த மாதிரி ஆவார்கள் என்று யார் கண்டது?

மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது, சின்ன ஆபரேஷன் என்று சொல்வதாக முடிவு செய்தோம். முடிவு செய்தேன். முழுப் பொய்யும் இல்லை, மூக்குவழிதானே செய்கிறார்கள்.

ஜூன் 20

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். பொழுது சாயும்போதுதான் டாக்டர் வெளியே வந்தார். கட்டி முழுசும் வந்துவிட்டதாம். கொழுப்பு, உறை, மேலே பசை என்று அடுக்கடுக்காக வைத்து அடைத்திருக்கிறார். சங்கரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் "ரொம்ப நன்றிங்கம்மா" என்று இரண்டு தடவை சொன்னேன். கல்யாணம் நடந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றியது. வடிவு பிழைத்தாள் என்பது அதற்கு அப்புறம் தோன்றியது. எழுதிவைக்கிறேன், வேறு யாரிடம் சொல்வது.

ஜூன் 24

தலை வலிக்கவில்லையாம், தொடைதான் வலிக்கிறதாம். "மூக்குக்கு வந்தவளைக் காலை வெட்டி அனுப்புதாங்க" என்கிறாள். வாயைத் திறந்து தும்முவது பெரிய கூத்து. சிங்கம் கொட்டாவி விடுவதுபோல இருக்கிறது. நர்ஸ் சிரித்தது, வடிவும் சிரித்தாள், சிரிக்கக் கூடாது என்று உடனே நர்ஸே கண்டித்தது.

தெய்வானை போன் செய்தார், சம்பந்தி சம்சாரம். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கிறேன் என்றார். "அய்ய, இதுக்குப் போயி எதுக்கும்மா அலையணும்? மூக்குல சதை, அவ்வளவுதான், நாளைக்கு வீட்டுக்கு விட்டுருவாங்க" என்றேன். வடிவு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 7

வீட்டுக்கு வந்த பிறகு நான்தான் சமையல். கீழே விழுந்ததை எடுப்பது, செருப்பைக் காலுக்கு நேராக வைப்பது, சேலைக் கொசுவத்தின் கீழ்மடிப்பை இழுத்துவிடுவது எல்லாம் நானே. முக்கக் கூடாது என்பதால் தினம் வாழைப்பழமும் கடுக்காய்ப் பொடியும். காலையில் எழுந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி எழுதத் தக்கதல்ல. "கல்யாணமான புதுசுல கூட நீங்க இவ்வளவு அக்கறையா விசாரிக்கல" என்கிறாள்.

நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "உப்பு இருக்கு, புளி இருக்கு, வாசனை எப்படி?" என்று என்னைக் கேட்டாள். வாசனை இனி வராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பெருங்காயம் தூக்கல் என்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டு குடித்தாள்.

ஜூலை 20

மதுரையில் காட்டினோம். மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். நன்றாக ஒட்டி வருகிறதாம், ஓரத்தில் மட்டும் இன்னும் மெலிசு. கல்யாணத் தேதியைச் சொன்னேன். "நிக்கலாம், உக்காரலாம், சாப்பிடலாம். குனியற வேலை மட்டும் வேற யாராவது செய்யட்டும்" என்றார். அது ஒரு பெரிய விஷயமா, பார்த்துக்கொள்கிறோம் என்றேன்.

ஆகஸ்ட் 13

சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். முகூர்த்தத்தன்றைக்கு என்னென்ன, யார் யார் என்று பேசி முடிப்பதற்கு. பொன்னம்பலம் பிள்ளை பேசமாட்டார், பேசுவதெல்லாம் தெய்வானைதான்.

"எங்க வீட்டுல ஒரு வழக்கம் மதினி. மாப்பிள்ளை மணையில ஏறுததுக்கு முன்ன, பொண்ணுக்கு அம்மாதான் அவன் காலைக் கழுவணும். பால் ஊத்தி, தண்ணி ஊத்தி, துடைச்சு, சந்தனம் குங்குமம் வைக்கணும். எங்க அம்மை எங்க வீட்டுக்காரவியளுக்குச் செஞ்சா. எங்க மாமனாருக்கு மாமியாரோட அம்மை செஞ்சாவளாம்."

வடிவு என்னைப் பார்த்தாள். நான் பொன்னம்பலம் பிள்ளையைப் பார்த்து, "தாராளமா செஞ்சிருவோம்" என்றேன்.

அவர்கள் போனதும், "இப்பமாவது சொல்லிருங்களேன்" என்றாள். என் தங்கச்சியைச் செய்யச் சொல்லலாம். ஆனால் அம்மா உயிரோடு இருக்கும்போது அத்தை ஏன் என்று கேட்பார்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் ஐயரைத் தனியாகப் பார்த்து, ஒரு முக்காலியின் மேல் மாப்பிள்ளையை நிற்கவைத்து உட்கார்ந்தபடியே செய்கிறமாதிரி ஏற்பாடு பண்ணிவிடுகிறேன் என்று சொன்னேன். "மறக்காம சொல்லுவீயளா?" என்றாள். மறப்பேனா?

ஆகஸ்ட் 30

கல்யாணம் சிறப்பாக முடிந்தது. ஒரு குறை யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டில் அவியல் பிரமாதம் என்று பொன்னம்பலம் பிள்ளையே வாய் திறந்து சொன்னார்.

வடிவு அரக்குப் பட்டில் இருந்தாள். அவளைப் பார்த்து நோயாளி என்று ஒருவரும் சொல்ல முடியாது. கால் கழுவும் நேரம் கூட்டம் நெருக்கிவிட்டது, ஐயர் நல்ல நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார், முக்காலியைத் தேட யாருக்கும் நேரமில்லை. தெய்வானை செம்பைக் கையில் கொடுத்தார். வடிவு குனிந்து கழுவினாள். வீடியோக்காரன் ஒருவன், "அம்மா, முகம் விழலை, இன்னொரு தடவை" என்றான். இன்னொரு தடவை குனிந்தாள். அந்தப் பயலை ஓங்கி அறைந்திருக்கவேண்டும்.

சங்கரி அழுதுகொண்டே காரில் ஏறினாள். எல்லாம் நல்லபடியாக நடந்தது.

செப்டம்பர் 1

மறுவீட்டுக்குத் தென்காசி போய் வந்தோம். சாரல். வடிவு கர்ச்சீப்பால் மூக்கை ஒற்றிக்கொண்டே இருந்தாள். மண்டபத்து ஏசிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 3

"சளி மாதிரி இல்லீங்க. தண்ணியா சொட்டுது. தொண்டையில உப்பா இறங்குது" என்றாள் மத்தியானம். கர்ச்சீப்பை வாங்கிப் பார்த்தேன். ஈரம், நிறமில்லை, பிசுக்கு இல்லை. மதுரைக்கு உடனே போன் செய்யலாம் என்றுதான் எடுத்தேன். நாளைக்கு மாப்பிள்ளைக்கு இங்கே விருந்து. சமையலுக்கு ஆள் சொல்லியிருக்கிறது, சம்பந்தி வீட்டிலிருந்து இருபது பேர் வருகிறார்கள். விருந்து முடிந்த மறுநாள் காலையில் முதல் வேலையாக மதுரை என்று சொன்னேன். "சரி" என்றாள். இப்போதெல்லாம் சரி, சரி என்றுதான் சொல்கிறாள்.

செப்டம்பர் 5

நேற்று விருந்தில் அவள் சாப்பிடவில்லை. எல்லோருக்கும் பாயசம் பரிமாறினாள். சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. விடிவதற்குள் வாந்தி, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, வெளிச்சத்தைப் பார்த்தால் கத்துகிறாள். என்னை யாரென்று கேட்டாள்.

ஆம்புலன்ஸில் மதுரைக்கு வந்திருக்கிறோம்.

செப்டம்பர் 6

கண் திறக்கவில்லை.

செப்டம்பர் 8

ஒட்டு ஒரு ஓரத்தில் பிய்ந்திருக்கிறது. அந்த வழியாகக் கிருமி மேலே ஏறி மூளையைச் சுற்றியுள்ள உறையில் பரவிவிட்டது. முதுகில் ஊசி போட்டுத் தண்ணீரை எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். வலுவான மருந்து ஏற்றுகிறார்கள்.

டாக்டர் ஜெசிந்தா என்னைக் கேட்டார், "எப்பவாவது குனிஞ்சாங்களா?"

"தெரியலைங்க" என்றேன்.

"கல்யாணத்துல குனிஞ்சாங்க டாக்டர், ரெண்டு தடவை" என்றாள் சங்கரி பின்னாலிருந்து. அவள் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளை குற்றாலநாதனும், தெய்வானையும் கூடவே நின்றார்கள். அதற்குப் பிறகு சங்கரி நிறுத்தவில்லை. கட்டி, தலைவழி, மூக்குவழி, மூன்று மாதம் எல்லாவற்றையும் அந்த வராந்தாவிலேயே சொல்லிவிட்டாள்.

தெய்வானை சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "காலைக் கழுவாட்டா கல்யாணம் நின்னா போயிரும் அண்ணாச்சி? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாங்க என்ன மனுசங்க இல்லையா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒரு பக்கம் மாரை எடுத்து ஏழெட்டு வருசம் ஆச்சு. நீங்க பொண்ணு குடுக்க மாட்டீயளோன்னு நாங்களும்தான் சொல்லல" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகை கொஞ்சம் அடங்கியதும், "நான்தான் குனியச் சொன்னேன், பாவி, நான்தான் குனியச் சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சங்கரி அவரைக் கட்டிப்பிடித்துத் தேற்றினாள். நான் பக்கத்தில் நின்றேன்.

செப்டம்பர் 9

செம்பைக் கொடுத்தது தெய்வானை இல்லை. நான்.

தெய்வானை பால்செம்பைத் தட்டில் வைத்துவிட்டு மகனின் வேட்டிக்கரையைச் சரிசெய்து கொண்டிருந்தார். வடிவு எடுக்காமல் நின்றாள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐயரிடம் நான் சொல்லியிருப்பேன், முக்காலி வரும் என்று காத்திருந்தாள். நான் சொல்லவே இல்லை. காலையில் ஐயர் தனியாகக் கிடைத்தார், காப்பிகூடக் கொடுத்தேன். என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். கூட்டம் பார்க்கிறதே என்று நான் செம்பை எடுத்து அவள் கையில் திணித்து, "ம், சீக்கிரம்" என்றேன்.

வீடியோக்காரன் இரண்டாம் தடவை கேட்டபோது சிரித்துக்கொண்டே, "செய்யி, செய்யி" என்று சொன்னதும் நான்தான். வீடியோவில் என் குரல் இருக்கும்.

செப்டம்பர் 14

நேற்று மறுபடி ஆபரேஷன். இந்தத் தடவை தலைவழி. காதிலிருந்து காதுவரை கீறி, அந்தச் சவ்வைப் புரட்டி உள்ளே விரித்து அடைத்துவிட்டார்கள். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, இது நிற்கும் என்றார் டாக்டர். முதலில் எதைச் சொன்னாரோ அதையே செய்திருக்கிறார். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முழு மொட்டை. கண்கள் இரண்டும் வீங்கி மூடியிருக்கின்றன. கல்யாணத்தில் யாரும் பார்க்கக் கூடாது என்று நான் நினைத்த முகம் இதுதான். ஐ.சி.யு. வாசலில் முறை வைத்து ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பார்க்கிறோம். தென்காசியிலிருந்து யார் யாரோ வந்தார்கள். ரத்தத்தில் வருவதா என்று ஒருவரும் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று என்னைக் கேட்டார்கள்.

செப்டம்பர் 18

கண் திறந்தாள். அடையாளம் தெரிகிறது. சங்கரியைப் பார்த்துச் சிரித்தாள். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. கோபம் என்று நினைத்தேன். கோபப்பட அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு என்று நினைத்துக்கொண்டு மறுபடி கூப்பிடவில்லை.

பிறகு நர்ஸ் கையிலிருந்து இரும்புத் தட்டு விழுந்தது. நாங்கள் எல்லோரும் துள்ளினோம். வடிவு அசையவில்லை.

செப்டம்பர் 19

இடது காது முழுசும் போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் இருக்கிறது, பக்கத்தில் போய்ச் சத்தம் போட்டால் விழும். அந்தக் கிருமி உள்காதில் செய்த வேலை. இந்த நோயில் சிலருக்கு இப்படி ஆவதுண்டாம். மெஷின் வைத்துப் பார்க்கலாம், கொஞ்சம் தேறலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

சிரிப்பு, ரசம், தென்காசிச் சாரல் சத்தம். எதையெதையோ நினைத்துக்கொண்டு வராந்தாவில் அழுதேன். ஆம்பளை அழுகிறான் என்று ஒரு பாட்டியம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.

செப்டம்பர் 24

தெய்வானை தினமும் வருகிறார். வடிவின் வலது காதோரம் குனிந்து கத்திக் கத்திப் பேசுகிறார். முடியாதபோது கையால் ஜாடை. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். இத்தனை நாளில் என்னிடம் அவள் சிரிக்கவில்லை.

இன்றைக்கு தெய்வானை சொன்னார்: "மதினியை நான் தென்காசிக்குக் கூட்டிட்டுப் போறேன் அண்ணாச்சி. சங்கரியும் அங்கதானே இருக்கா. ரெண்டு பேருமா பாத்துக்கிடுதோம்."

பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய் அம்மாக்காரி படுத்துக் கிடப்பதா? ஊர் என்ன சொல்லும்? அது சரிவராது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வடிவின் காதோரம் போய்ச் சத்தமாகச் சொன்னேன்.

"நான் அங்கயே போறேன்" என்றாள். அவள் குரலின் அளவு அவளுக்குத் தெரிவதில்லை. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அன்னைக்கு டாக்டர் என் மூஞ்சியப் பாத்துத்தான் கேட்டாவ. நீங்க பதில் சொன்னீய."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்படியே, நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். மாத்திரை வாங்கிவருகிறேன் என்று கீழே இறங்கிப் போய்விட்டேன்.

செப்டம்பர் 29

இன்று அனுப்பிவிட்டார்கள். தென்காசியிலிருந்து மாப்பிள்ளை கார் கொண்டுவந்தார். பொன்னம்பலம் பிள்ளையும் வந்திருந்தார். தலைக்கு ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டி, சங்கரி ஒரு பக்கமும் தெய்வானை ஒரு பக்கமுமாக வடிவை நடத்திக்கொண்டுவந்தார்கள். துண்டு வழியில் நழுவி விழுந்தது. எடுத்துக் கட்டவேண்டாம், காற்றாட இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். காதிலிருந்து காதுவரை தையல் தழும்பு, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிய, அப்படியே வந்தாள்.

பின்சீட்டில் உட்காரவைத்தார்கள். நான் கார்க் கதவருகே போனேன். சொல்லிவிடுவது என்று காலையிலிருந்தே நினைத்திருந்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைக் கொண்டுபோய், "வடிவு, என்னை மன்னிச்சிரு" என்றேன். எனக்கே சரியாகக் கேட்காத குரலில் வந்தது.

வலது காதைத் திருப்பிக் காட்டினாள். "கேக்கல. சத்தமா சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சங்கரி, மாப்பிள்ளை, தெய்வானை. பொன்னம்பலம் பிள்ளை என் பக்கத்திலேயே நின்றார். வாட்ச்மேன் காரை எடுக்கச் சொல்லி விசில் ஊதினான். வடிவு காதைக் காட்டியபடியே காத்திருந்தாள். கண் என் வாயைப் பார்த்தது.

"ராத்திரி மாத்திரையைச் சாப்பிட்டப்புறம் போடு!" என்று கத்தினேன்.

"சரி" என்றாள்.

கார் போய்விட்டது. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். கதவைச் சாத்தினேன், ஜன்னலையும் சாத்தினேன். நடுவீட்டில் நின்று அதைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.